மரக்காணத்தில் ஓர் உப்பில்லாச் சாப்பாடு

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரக்காணத்தில் ஒரு சின்ன மண்டபம். வாழை இலை, ஆவி பறக்கும் சாதம், முருங்கைக்காய் சாம்பார். நன்றாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பில்லை.

கூட்டு? அதிலும் இல்லை. ரசம்? ம்ஹூம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளம். உள்ளே இலையில் ஒரு கல் உப்புக்கு வழியில்லை!

அதைவிட வேடிக்கை, அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்கள் அநேகமாக அத்தனை பேரும் டாக்டர் சொல்லி உப்புச் சாப்பிடுகிறவர்கள்.

என் மனைவி சாரதாவுக்கு ஓர் அபூர்வமான மரபணுக் கோளாறு. அதன் பெயர் யாரோ ஒரு வெளிநாட்டு டாக்டருடையது. இரண்டு வருஷமாக முயற்சி செய்கிறேன், இன்னும் என் வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான் – அவளுடைய கிட்னி உப்பைப் பிடித்து வைக்காது. வெளியே விட்டுவிடும். கூடவே பொட்டாசியம், மெக்னீசியமும் போய்விடும். கை கால் இழுக்கும். அசதி ஆளை அடித்துப் போடும். மனசு உப்பு உப்பு என்று அலையும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இது வரும். வைத்தியம்? மாத்திரைகள்... அதோடு தாராளமாக உப்பு.

எனக்கோ பி.பி.! உப்பு ஜாடி இருக்கும் பக்கமே போகாதே என்று எனக்கு உத்தரவு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கும் அநியாயத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் தயிர் சாதத்துக்கு நாலு மாவடு கடிப்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சென்னையில் கொஞ்சம் பேர், புதுச்சேரியில் கொஞ்சம் பேர். நேரில் சந்திக்கலாமே என்று பேச்சு வந்ததும், “நாம மரக்காணத்துல கூடாம வேற எங்க கூடுறது?” என்று யாரோ ஒருவர் தட்டிவிட்டார். அதுவே முடிவாகிவிட்டது. சாரதா புறப்பட்டாள். பை தூக்க நான்.

சாப்பாட்டுக்கு வருவோம். சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி பெருமையாக வந்து நின்றார்.

“கிட்னி கேசுங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஒரு கல்லு உப்பு போடல சார்! சொந்தத் தம்பிக்குச் சமைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன்.”

எப்படித் திட்டுவது? ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார்... மண்டபமே சிரித்தது. அப்புறம் நடந்ததுதான் கண்கொள்ளாக் காட்சி. பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பைக்குள் கையை விட்டார்கள். மாத்திரை டப்பா, விபூதிப் பை, சாக்லேட் டின்... ஒவ்வொன்றிலிருந்தும் உப்பு! ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர் சாம்பாருக்குக்கூடக் காத்திருக்கவில்லை. உள்ளங்கையில் கொட்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அந்த மண்டபத்தில் மாஸ்டரின் சமையல் சரியாகப் பொருந்திய ஒரே ஆள் நான்தான். இரண்டாம் முறை சாதம் வாங்கினேன்.

பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மட்டும் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பெயர் மல்லிகா. உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீராகி வேலை நின்றுபோகும் என்பதால் கேட்டரிங்குக்கு வந்திருக்கிறார்.

“ஏங்க்கா...” என்று சாரதாவிடம் குனிந்தார். “உப்ப அப்பிடியே வாயில போட்டுக்கிறீங்களே, ஒண்ணும் ஆவாதா?”

“இது எங்களுக்கு மருந்தும்மா.”

“எம்பொண்ணு கௌசியும் இப்பிடித்தாங்க்கா துன்னுது. சின்னதுல இருந்தே. உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போனா வாரி வாரி வாயில போட்டுக்கும். ரத்தம் செத்துப்போவும்டின்னு கரண்டியாலயே அடிச்சிருக்கேன்.”

சாரதா சாப்பாட்டை விட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “அவளுக்குக் கை கால் இழுக்குமா?”

“இழுக்கும். வெரலு மடங்கிக்கினு நிமிரவே நிமிராது. தையல் கம்பெனிக்குப் போச்சு. மிசின்ல உக்காந்தா பாதியில எழுந்துடுதுன்னு நிறுத்திட்டாங்க. இருவது வயசாவுது. எல்லாரும் சோம்பேறின்றாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நானுந்தாங்க்கா” என்றார்.

“உங்க வீட்டுக்காரர் சொந்தமா?”

“எங்கம்மாவோட தம்பிதான்.”

சொந்தத்தில் கல்யாணம் என்றால், அந்தப் பழுதான மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். சாரதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், நோய் இன்னதென்று தெரிகிற வரை, இவளுக்குக் கால் இழுத்தபோதெல்லாம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது எப்படி, எங்க அம்மா ஊர்லேர்ந்து வந்தா மட்டும் கரெக்டா இழுக்குது?” சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். அன்றைக்கு அந்த ஜோக் எனக்கே வெட்கமாக இருந்தது. கரண்டியால் அடித்தால்தான் அடியா?

கூட்டத்தில் பேச வந்திருந்த டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: “உப்பு மேல ஆசைன்னா உடனே இதுதான்னு முடிவு பண்ணக் கூடாது. முதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணுங்க.”

போன வாரம் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மல்லிகாவையும் கௌசியையும் சாரதாதான் அழைத்துப் போனாள். பை தூக்க மறுபடியும் நான். கௌசி ஒல்லியான பெண். வாய் மட்டும் ஒல்லியில்லை.

“சார், ஒங்களுக்கு உப்பு ஆவாதாமே? ஒங்க பங்கையும் எனக்கே குடுத்துடுங்க” என்றாள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த இரண்டு நாளில் அவள் பேச்சு குறைந்துபோனதையும் பார்த்தேன். நோய் இல்லை என்று வந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம். இல்லையென்றால் அவள் வெறும் சோம்பேறிதானே?

ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் குறைவு. மெக்னீசியமும் குறைவு. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “மரபணு டெஸ்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கலாம். உப்பு நல்லா சேர்த்துக்கோம்மா. உடம்புலதான் பிரச்னை. நீ சோம்பேறியெல்லாம் இல்ல.”

மல்லிகா நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அந்தக் கடேசி வார்த்தைய இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்.”

டாக்டர் இன்னொரு தபாவும் சொன்னார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் மல்லிகா உடைந்துவிட்டார். “இந்தக் கையாலதானடி அடிச்சேன்... உப்புக்குப் போயி ஒன்ன அடிச்சேனே...” என்று மகளின் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சாரதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த ‘அமைதி காக்கவும்’ போர்டை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கௌசிதான் அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“போதும்மா, நிறுத்து. இருக்கிற உப்பையெல்லாம் நீயே கண்ணு வழியாக் கொட்டிட்டா... எனக்கு என்னா மிச்சம்?”