அம்முணியின் பக்கம்

அம்முணி, உன் அக்காதான் எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் உன்னோடு சேலம் போர்டிங்கில் படித்த ருக்குமணி, மேச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் இந்த நோட்டு.

“அக்கா, அம்முணி முறை வந்துருச்சுங்க.”

“அவ கண்ண மூடி மூணு மாசமாச்சே, சாமி.”

“தெரியுமுங்க. போர்டிங்க விட்டுப் பிரியறப்பவே, ஆறு பேரும் இந்த நோட்டுல முறை தவறாம எழுதோணும்னு பேச்சு. ஒருத்தி பக்கம் காலியா இருந்தா நோட்டு அங்கியே நின்னுரும். அவளுக்குப் பதிலா நீங்க எழுதுங்க.”

“எனக்கு ரெண்டாங் கிளாசு எழுத்துத்தானே, கண்ணு.”

“அவ எழுத்து மட்டும் என்னவாம்? கோழி கிளறுனாப்பல இருக்கும்.”

பிரித்துப் பார்த்து மலைத்துப் போனேன். பன்னிரண்டு வருஷம். கல்யாணம், பிள்ளைப்பேறு, ஒருத்தி புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனது, எல்லாம் இருக்கிறது. தபாலில் போடாமல் கைமாற்றியே ஆறு ஊரைச் சுற்றியிருக்கிறது. ஒரு பக்கம்கூடக் காலியில்லை. என்னால் நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் கொள்ளு ரசத்தில் உப்பு அதிகம் என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறாய். மற்ற ஐந்து பேரும் சிரித்துப் பதில் போட்டிருக்கிறார்கள்.

ரெண்டாந்தரம் ஊற்றச் சொல்லிக் குடித்தவள், என்னிடம் மட்டும் ஏன் சாமி சொல்லவில்லை?