பளபளாவின் கட்டைவிரல்

இயந்திரம் நின்றதும் அவர் காகிதச் சுருளின் முனையிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு துண்டைக் கிழித்தெடுக்கிறார். அதில் ஜாம் புட்டிக்கு ஒட்டப்போகும் ஒன்பது லேபிள்கள் இருக்கின்றன. அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவரைப் போல வலது கண்ணால் பார்க்கிறார். பிறகு வலது கட்டைவிரலை ஒரு லேபிளின் நடுவில் அழுத்தி, மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல் ஒரு திருகு. மை நகரவில்லை. அடுத்து ஒரு துண்டு டேப்பை ஒட்டி, காதருகே கொண்டுபோய்ச் சர்ரென்று உரிக்கிறார். டேப்பிலும் ஒன்றும் ஒட்டி வரவில்லை. சத்தமும் சரியாக இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொள்கிறார்.

"தேய்ச்சா அழியறதுக்குப் பேரு லேபிள் இல்ல, வெறும் காகிதம்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, இயந்திரத்தை ஓடவிடச் சைகை காட்டுகிறார்.

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் பளபளா. லேபிள் அச்சடிக்கும் அந்த நீள இயந்திரத்தில் வரிசையாக ஆறு மைப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தன் நிறத்தைப் போட்டுவிட்டுக் காகிதத்தை அடுத்ததிடம் தள்ளிவிடும். ஏழாவது பெட்டி அவருடையது. அதில் நிறம் கிடையாது. தேன் மாதிரி ஒரு திரவம் தட்டில் நிற்கும். உருளை அதில் புரண்டு புரண்டு, அளவாக எடுத்து, ஓடும் காகிதத்தின் மேல் பூசும். அடுத்த நொடி ஊதா வெளிச்சம் வீசும் விளக்கின் கீழே காகிதம் போகும். வெளியே வரும்போது காய்ந்து கண்ணாடியாகிவிட்டிருக்கும். அதுதான் வார்னிஷ். தண்ணீர், எண்ணெய், ஈரக் கை, குளிர்பெட்டியின் வியர்வை எதுவும் அதற்குப் பிறகு லேபிளை அண்டாது.

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இயந்திரத்தோடு வந்த கனமான கையேட்டை அவர் திறந்ததும் இல்லை. வார்னிஷ் டப்பா ஆடாமலிருக்க அதை அடியில் முட்டுக்கொடுத்திருக்கிறார். வார்னிஷின் பதம் பார்க்க ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறார். குச்சியை முக்கித் தூக்கினால் இழை இறங்க வேண்டும். நடுவில் அறுந்தால் தண்ணி. அறாமல் கீழே போய்ச் சுருண்டு உட்கார்ந்தால் கெட்டி. அளக்கும் கருவியோடு ஒருமுறை வந்த வார்னிஷ் கம்பெனிக்காரர் அரைமணி நேரம் அளந்து சொன்னதை, குச்சி அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அன்று முதல் குச்சிக்குத் தனி ஆணி.

மினுமினுப்பு வேண்டாம், மங்கலாக இருக்கட்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களுக்கென்று மேட் வார்னிஷ் இருக்கிறது. அந்த டப்பாவை அவர் இரண்டு விரலால் தூக்கி வருவார். "மேட் அடிக்கிறதும் மூஞ்சி கழுவாம பொண்ணு பார்க்கப் போறதும் ஒண்ணு" என்பார். அந்த வேலை ஓடி முடியும்வரை துக்கம் விசாரிக்க வந்தவர்போல நிற்பார்.

அவர் வேலையில் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. வார்னிஷ் பூசிய இடத்தில் வேறு எந்த மையும் பிடிக்காது. ஆனால் புட்டியில் சரக்கை அடைத்த பிறகு, காலாவதித் தேதியை லேபிளின் மேல் குத்தியாக வேண்டும். அதற்காக ஒரு சின்னக் கட்டம் மட்டும் வார்னிஷ் இல்லாமல் விட வேண்டும். அச்சகத்தில் அதற்கு ஜன்னல் என்று பெயர். புது வேலை ஏறும் ஒவ்வொரு முறையும், கூடத்தின் கோடியில் இருப்பவருக்கும் கேட்கும்படி பளபளா குரல் கொடுப்பார்: "ஜன்னல் விட்டாச்சா?"

பதினோரு வருடத்துக்கு முன் இன்னொரு ஷிப்ட்டில் ஒருவர் ஜன்னல் விட மறந்துவிட்டார். நாற்பதாயிரம் இருமல் மருந்து லேபிள்கள். கடைக்காரர் தூசி தட்டத் துணியால் துடைத்தால் தேதியும் துணியோடு வந்துவிட்டது. மறந்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கதை மட்டும் இன்னும் இங்கே தினமும் பணிக்கு வருகிறது. "ஜன்னல் மறக்கிறவன் வேட்டி மறந்துட்டுத் தெருவுக்கு வருவான்" என்று பளபளா கதையை முடிப்பார். லேபிள் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, தலை நிமிராமலே கடைசி வரியை அவரோடு சேர்ந்து சொல்லிவிடுவார். அக்காவுக்கு அவரைவிட மூன்று வயது அதிகம். அச்சகத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிடும் ஒரே ஆள்.

முப்பது வருடம் லேபிள்களைத் திருகித் திருகி அவருடைய வலது கட்டைவிரலில் ரேகை போய்விட்டது. வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவுக் கருவி அந்த விரலை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, கடைசியில் இடது மோதிர விரலை ஏற்றுக்கொண்டது. விரலுக்கு ரேகைதான் போயிற்று, பழக்கம் போகவில்லை. பேருந்துச் சீட்டு, மருந்துச் சீட்டு, பக்கத்துவீட்டுக்காரர் பெயிண்ட் அடித்த கேட் எல்லாவற்றிலும் ஒரு திருகு. கேட் காய்ந்திருக்கவில்லை. அந்த வீட்டோடு நாலு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் எழுதி, அச்சகத்தில் மாதிரி பார்க்கும் கை உருளையால் வார்னிஷும் பூசிக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். பிறகு ஒருநாள் அவர் மனைவி பெரிய டப்பாவுக்குச் சீனியையும் சின்ன டப்பாவுக்கு உப்பையும் மாற்றினார். லேபிளை உரிக்க முடியவில்லை; மேலே எழுதவும் முடியவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் உப்பு என்று எழுதியிருப்பதில் சீனி இருக்கிறது. காபி போட வரும் விருந்தாளியிடம் முதலில் அதைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடவை சொல்ல மறந்தார்கள். சம்பந்தி வீட்டார், பாவம், முழு டம்ளரையும் குடித்தார்கள்.

அந்த மனைவிதான் ஆறு வருடமாகத் தன் அக்கா வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். ஒரு ராத்திரி ரயில் பயணம், நாலு நாள் தங்கல், அவ்வளவுதான். மூன்று முறை பெட்டி கட்டினார். மூன்று முறையும் அவிழ்த்தார். மூன்றுக்கும் காரணம் மேலாளரின் தேநீர் டம்ளர்.

மேலாளர் கெட்டவர் அல்ல. யாருக்கும் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் விடுப்புக் கடிதம் வந்தால் மேசைமேல் வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்துவிடுவார். இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்டால், பழுப்பு வளையத்துக்குள் எழுத்தெல்லாம் கரைந்திருக்கும். "எந்தத் தேதின்னே தெரியலையேப்பா. வேற எழுதிட்டு வா" என்பார். வேறு எழுதிக் கொண்டுபோவதற்குள் ரயில் போய்விடும்.

நாலாவது முறை பெட்டி கட்டும்போது மனைவி நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தடவை நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேங்க. எப்போ திரும்பி வருவேன்னு ஒரு லெட்டர் எழுதி, வார்னிஷ் அடிச்சு அனுப்பறேன். பத்திரமா வச்சுக்குங்க."

பளபளாவின் மூளையில் ஊதா விளக்கு எரிந்தது அப்போதுதான்.

விடுப்புக் கடிதத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். முதலில் மேற்பார்வையாளர், பிறகு மேலாளர். மேற்பார்வையாளர் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் சொந்த விடுப்பில் கிளம்பிவிட்டார். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பளபளா கடிதத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் பரப்பி, கை உருளையால் ஒரு பூச்சு பூசி, மாதிரிகளைக் காயவைக்கும் ஊதா விளக்குப் பெட்டியில் காட்டினார். பிறகு இன்னொரு பூச்சு. கட்டைவிரலால் திருகினார். டேப் ஒட்டி உரித்தார். மேற்பார்வையாளரின் கையெழுத்து அசையவில்லை. யோசித்துப் பார்த்து, பின்பக்கத்துக்கும் இரண்டு பூச்சுப் பூசினார்.

வியாழக்கிழமை நாலரை மணிக்குக் கடிதத்தை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு, இந்த முறை போகாமல் அங்கேயே நின்றார். மேலாளர் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிறவர். ரயில் அன்று ராத்திரி எட்டரைக்கு.

மேலாளர் வழக்கம்போல டம்ளரைக் கடிதத்தின்மேல் வைத்தார். எடுத்தபோது வளையம் இருந்தது. பளபளா கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தார், வளையம் போய்விட்டது. மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றியே பார்த்தார். தேநீர் கடிதத்தின்மேல் ஓடி, விளிம்பில் தயங்கி, அவர் கால்சட்டையில் இறங்கியது. எழுத்து அப்படியே இருந்தது.

"சும்மா சொல்லக்கூடாதுப்பா, நல்லாத்தான் அடிச்சிருக்கே" என்று கால்சட்டையைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். தேதி தெளிவாகத் தெரிந்தது. தட்டிக்கழிக்க வழி இல்லை. சட்டைப்பையிலிருந்து பந்துமுனைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து விழவில்லை.

மறுபடி அழுத்திப் போட்டார். பேனா, எண்ணெய் தேய்த்த முதுகில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு மேசை விரிப்பில் போய் நின்றது. ஜெல் பேனாவை எடுத்தார். மை விழுந்தது, விழுந்த வேகத்தில் மணிமணியாகத் திரண்டு எறும்பு வரிசைபோல் நின்றது. ஊதினார். எறும்புகள் கலைந்து போயின. கடைசியாக, அட்டைப்பெட்டியில் எழுதும் தடித்த மார்க்கரால் போட்டார். அது நின்றது. கொட்டைகொட்டையாக, சுழி விடாமல், முழுக் கையெழுத்து. இருவரும் மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பளபளாவின் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் போய் அதன்மேல் உட்கார்ந்து ஒரு திருகு திருகியது.

"போயிடுச்சு சார்" என்றார் பளபளா. வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் குரலில் ஒரு பெருமிதம் இருந்ததை மறைக்க முடியவில்லை.

மேலாளர் கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கமும் மின்னியது. இது எதற்கு என்று கேட்டார். மேசை ஈரமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றார் பளபளா. மேலாளர் மார்க்கரை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் லீவு தரமாட்டேன்னு சொல்லலப்பா. உன் வார்னிஷ்தான் மாட்டேங்குது."

வேறு கடிதம் எழுதலாம் என்றால் அதற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் இரண்டு ஊர் தள்ளி எங்கோ இருக்கிறார். மணி நாலு நாற்பது. மேலாளரின் சாப்பாட்டுப் பை மேசைக்கு வந்துவிட்டது. பளபளாவுக்குக் கண்முன்னே தெரிந்ததெல்லாம் வீட்டு வாசலில் மனைவி கட்டி வைத்திருக்கும் பெட்டிதான். அது நாலாவது முறையாக அவிழாது, தனியாக ரயில் ஏறும்.

ஏதோ லேபிள் மாதிரிக்கு ஒப்புதல் வாங்கச் சோதனை மேசை அக்கா உள்ளே வந்தது அப்போதுதான். நிலைமையை மேலாளர் விளக்கினார். அக்கா கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொப்புளம் இல்லை, கோடு இல்லை, விளிம்புவரை ஒரே சீர். பிறகு, சத்தமில்லாமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவரைப்போல் கேட்டார்:

"தம்பி, ஜன்னல் விடலியா?"

பதினோரு வருடக் கதை அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பளபளா குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். வேட்டி இருந்தது.

அக்காவே தன் மேசையிலிருந்து பிளேடும் இரும்பு ஸ்கேலும் கொண்டுவந்தார். பளபளா மேற்பார்வையாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் குறித்தார். நீளம் நாற்பது மில்லிமீட்டர், அகலம் பதினைந்து. பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டத் தொடங்கினார். ஆழமாகப் போனால் கடிதம் ஓட்டையாகும். மேலோட்டமாகப் போனால் வார்னிஷ் மிச்சமிருக்கும். சொந்த வார்னிஷை எதிர்த்து அவர் இதுவரை வேலை பார்த்ததில்லை. அது சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. நாலு ஐம்பத்தைந்துக்குக் கட்டம் முழுக்கச் சொரசொரப்பாகி, காகிதத்தின் பஞ்சு தெரிந்தது. வேலை முடிந்துவிட்டது. அவரோ கட்டத்தின் நாலு மூலைகளையும் அழகாக வளைக்க ஆரம்பித்தார்.

"தம்பி, ரயில்" என்றார் அக்கா.

மேலாளர் மைப் பேனாவைத் திறந்தார். சுரண்டிய காகிதத்தில் மை கொஞ்சம் பூத்துத்தான் இறங்கியது; ஆனால் பிடித்துக்கொண்டது. கட்டத்துக்குள் அடங்கிய, யாரும் படிக்கக்கூடிய கையெழுத்து. கடிதத்தை, வருகையும் விடுப்பும் பதியும் நேர அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் ஆயிற்று. அது கூடத்தின் மறுகோடியில் இருந்தது.

"காயல. தொட்டுடாதே" என்று சொல்லிவிட்டு மேலாளர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பளபளா கடிதத்தை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். இடது கண் தானாக மூடியது. ஜன்னலுக்குள் நீலக் கையெழுத்து ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரல் மெல்ல எழுந்து, நிமிர்ந்து, அதை நோக்கி நகரத் தொடங்கியது.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பளபளா சட்டென்று கடிதத்தை வாய்க்குக் கொண்டுபோய், வார்னிஷ் பூசிய ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டார். இடது கையால் வலது கட்டைவிரலைச் சுற்றி இறுகப் பிடித்து, முரண்டுபிடிக்கும் ஆட்டுக்குட்டியை இழுத்துப் போகிறவரைப் போல அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, கூடத்தின் நடுவே நேர அலுவலகத்தை நோக்கி நடந்தார்.