தர்மலிங்கம் அண்ணை விட்ட இடைவெளி

தர்மலிங்கம் அண்ணை நேற்றுக் காலை காலமானார். எங்கள் பூங்காப் பகுதி மேலதிகாரிக்கு மூன்று முறைப்பாடுகள்:

1. தைப்பொங்கலுக்கு மறுநாள்: வெள்ளவத்தைப் பூங்காவில் அவர் வடிவமைத்த அரைவட்ட இருக்கை வாங்கின் நடு இடைவெளியைச் சீமெந்தால் அடைத்தீர்கள்.

2. மாசி முதற்கிழமை: எதிரெதிரே இருந்த மற்ற வாங்குகளைப் பெயர்த்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினீர்கள்.

3. போன ஞாயிறு: அவருடைய சக்கர நாற்காலியைப் பாதையிலிருந்து அகற்றச் சொன்னீர்கள்.

அவர் ஓய்வுபெறும்வரை எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. அவர் பூங்காப் படம் கீறுவார், நான் சரிபார்த்துக் கையொப்பமிடுவேன்.

"நடுவில ஏன் அண்ணை இடைவெளி?"

"சக்கர நாற்காலியில வாற ஆளுக்கு. ஓரத்தில விட்டா கதை அவருக்குப் போய்ச் சேராது, ஐசே."

படத்தில் அந்த இடத்துக்குப் பெயர் எழுதுவமோ என்று கேட்டார். "ஆருக்கும் விளங்கும், அண்ணை" என்றேன்... அது என் பிழை.

இந்த வருடம் பொங்கலுக்கு முன் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள் படத்தை விரித்து, வெறுமையாக இருந்த அந்த இடத்தில் விரலை வைத்தார்கள். "இங்கே எதை வைக்கப்போகிறீர்கள்?" என்று, குண்டு வைக்கவோ என்ற சந்தேகத்தில் கேட்டார்கள்.

வெள்ளவத்தையில் தமிழன் கீறிய படம். பெயரில்லாத இடம். நான் சிங்களத்தில் இருமுறை விளக்கினேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், வாய் திறக்கவில்லை.

அதற்குள் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. ஞாயிறு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பழைய கூட்டாளிகள் வாங்கில் இருந்தார்கள்... இவர் பாதையில். அவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கதைத்தார்கள்.

காவலாளி வந்து சிங்களத்தில் சொன்னான்: "மாத்தயா, பாதையை மறிக்க வேண்டாம். ஒஃபிஸ் ஓடர்."

அண்ணை பாதி முகத்தால் சிரித்தார்.

"என்ர வாங்கில எனக்கே இடமில்லை. நல்லாத்தான் கீறியிருக்கிறன், ஐசே."

என்னிடம் அவர் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

நாளை தகனம். அவருடைய நாற்காலியை, லொட்ஜில் தங்கியிருக்கும், நடக்க முடியாத வவுனியா அம்மா ஒருவருக்குக் கொடுப்பதாக மகள் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அந்த அம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிவருகிறோம்.

போய் வாருங்கள், அண்ணை.

மேலதிகாரி அவர்களே, அந்த அம்மா நாற்காலியோடு எங்கே இருந்து கதைப்பது? அடைத்த இடைவெளியைத் திறப்பீர்களா, மாட்டீர்களா? வெள்ளி மாலை நான்கு மணிக்குள் பதில் வேண்டும். எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன்.