பாதி அர்த்தம்

ஹேடோ துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அப்பா தினமும் மத்தியானம் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவார். கல்லூரித் திமிரில் ஒருநாள் அவரை இங்கிலீஷில் ‘வேகபாண்ட்’ என்று சொல்லிவிட்டேன்.

"அப்படின்னா என்னம்மா?"

"சும்மா ஊர் சுத்துறவங்க."

"அச்சா. சுத்துறது நெஜம்தானே" என்று செருப்புச் சேற்றைக் கழுவப் போனார்.

அடுத்த வாரம் லம்பா லைன் பகுதியில் ஒரு வாடகை வீட்டைக் காட்டினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி எப்போதோ கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் மூச்சுவிடாமல் வீடு தேடி அலைந்திருக்கிறார்.

அதன்பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். அலைவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். தங்க ஓர் இடமில்லாமல் திரிபவர் என்று பொருள். அப்பாவிடம் நான் பாதி அர்த்தத்தைத்தான் சொல்லியிருந்தேன். மீதி, அன்று அவர் சட்டைப்பையில் கடிதமாக இருந்திருக்கிறது.