பல்லில் கடித்த சாவி

ஒதெத் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் பனி எந்திரத்தைத் தொடுகிறாள் என்று அர்த்தம். எங்கள் ரோட்டில் இது எல்லோருக்கும் தெரியும். மற்ற நேரத்தில் அந்த வாயை யாரும் மூடிப் பார்த்ததில்லை.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய அந்த ராட்சசன் வீட்டு வாசல்களில் கிடக்கும் பனியை வாரி விழுங்கி, குழாய் வழியே தூரப் பீச்சி அடிக்கும். பனி ஈரமாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போது வண்டியை அணைத்து, சாவியை உருவி, அதில் கோத்த தோல்வாரைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும். குழாய்க்குள் விடுவது துடைப்பக் கட்டையைத்தான், கையை அல்ல. வண்டி அணைந்த பிறகும் உள்ளே இறுகிய பனி விசிறியைச் சட்டென்று ஒரு சுற்று சுற்றிவிடும், விரல் போக அது போதும்.

இந்தச் சட்டமெல்லாம் அவள் புருசன் கஸ்தோன் போட்டது. மர அறுவை ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். கூட வேலை பார்த்தவனின் கை எந்திரத்துக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவன்.

"பேச முடியுதுன்னா சாவி பல்லுல இல்ல. சாவி பல்லுல இல்லன்னா கிட்ட போகாத," என்பான்.

"நான் பேசாம இருக்கணும்கிறதுக்காகவே இப்படி ஒரு சட்டம் போட்டிருக்கே," என்பாள் ஒதெத்.

பள்ளிக்கூடச் சமையலறையில் பட்டாணி சூப் கிண்டிக்கொண்டிருந்தவள் அவள். கஸ்தோன் கூரையில் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போனது. கூலிக்கு வாரித் தருவதாக ஒப்புக்கொண்ட வாசல்களை விட மனமில்லாமல் இவள் ஏறி உட்கார்ந்தாள். முதல் வருசம் பனியோடு தபால்பெட்டிகளையும் சேர்த்து வாரினாள். ஊரே சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. ஸ்டியரிங் அவளுக்கு, ஸ்பானர் அவனுக்கு என்று ஆகி, அவர்கள் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

இந்தக் குளிர்காலம்தான் அவளைப் போட்டுக் குழப்பியது.

முதலில் போல்ட். எந்திரத்தின் திருகுத் தகடு விறகுக் கட்டையையோ பிள்ளைகளின் சறுக்குப் பலகையையோ கடித்துவிட்டால், உடைவதற்கென்றே ஒரு மெத்துப் போல்ட் இருக்கும். அது உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். அந்தப் போல்டின் தலையில் கோடு இருக்காது. கோடு போட்டதெல்லாம் கெட்டி போல்ட், அதை அந்த இடத்தில் போடவே கூடாது. மெத்துப் போல்ட் காப்பி டப்பா நிறைய இருந்தது அவளுக்கு நன்றாக நினைவு. ஒருநாள் பார்த்தால் டப்பா காலி.

"நீதான் தூக்கி எங்கயோ வெச்சிருப்ப," என்றான் கஸ்தோன்.

வைத்தேனா? எங்கே வைத்தேன்? வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அடுத்து கியர் பாக்ஸ் எண்ணெய் மூடி. திறந்தபடி கிடந்தது. எண்ணெய் பார்த்தது யார் என்று கேட்டால், "நான் தொடவே இல்லையே, நீயா பாத்த?" என்றான். நான்தானோ என்னவோ என்று அவளும் மூடிவிட்டுப் போனாள்.

பிறகு எதிர்வீட்டு மிரேய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்டி ஒதெத், என் ரோஜாச் செடி உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

பனி விழுமுன்பே ஒவ்வொரு வாசலின் ஓரத்திலும் குச்சி நட்டு வைப்பார்கள். புயலில் ஓட்டுகிறவளுக்கு அந்தக் குச்சிதான் கண். ஒதெத் டிராக்டரில் உட்கார்ந்து இடம் காட்ட, கஸ்தோன் சுத்தியலால் அடித்துக்கொண்டு வருவான். மிரேய் வீட்டுக் குச்சிகள் ரோஜாப் பாத்திக்கு நடுவே நின்றன. குச்சியை நம்பிய எந்திரம் ரோஜாவைத் தின்றுவிட்டது.

"நீ காட்டின இடத்துலதானே அடிச்சேன்?" என்றான் கஸ்தோன்.

அப்படியா காட்டினேன்? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அம்மாவும் இதே வயதில்தான் வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று கேட்க ஆரம்பித்தாள். கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, நீ யாரம்மா என்றாள். அந்த நோய் எனக்கும் வந்துவிட்டதா என்று ஒதெத் பயந்தாள். மறதிக்காரி அந்த ராட்சசன் பக்கம் போகக்கூடாது. ஒருநாள் சாவியை உருவ மறப்பாள், கை போய்விடும். இன்னும் ஒரே ஒரு தப்பு நடக்கட்டும், டிராக்டரை மிரேயின் மருமகனிடம் கொடுத்துவிட்டு அடுப்படியோடு கிடக்கிறேன் என்று முடிவு கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதையாவது சொல்லாமல் வைத்துக்கொள்வாள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

பெரிய புயல் ஓய்ந்த மதியம் மிரேய் வாசலை வாரும்போது, பனிக்கடியில் கிடந்த விறகுக் கட்டையை எந்திரம் கடித்தது. டக்கென்று போல்ட் உடைய வேண்டும். உடையவில்லை. டிராக்டரே ஒருமுறை எகிறியது, உள்ளே எலும்பு நொறுங்குவதுபோல் சத்தம், எண்ணெய் கருகும் வாடை. கிளட்சை மிதித்து, வண்டியை அணைத்து, தோல்வாரைக் கடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தாள். போல்டின் தலையில் கோடுகள் இருந்தன. கெட்டி போல்ட்.

இதை நானா மாட்டினேன்? எப்போது? நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தாள்.

டிராக்டரில் இருந்தபடியே எந்திரத்தைத் தரைக்கு மேலே உயர்த்திவிட்டு மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தாள். ஷெட்டில் நிறுத்தி அணைத்தாள். சாவியை வெளியே வந்த கஸ்தோனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கியர் பாக்ஸ் போச்சு. பாரு. இனிமே இந்தச் சாவி எனக்கு வேண்டாம்."

"என்னடி உளர்ற? போ, காப்பி போடு. நான் பாக்கறேன்."

காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடவிட்டுப் பார்க்கிறான் போலும். அதற்கு மேல் கஸ்தோனின் பாட்டும் கேட்டது. பாட்டா? அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெறும் செருப்போடு பனியில் ஓடினாள்.

டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது, தோல்வார் காற்றில் ஆடியது. கஸ்தோன் பின்னால் மண்டியிட்டு, கையை முழங்கைவரை எந்திரத்துக்குள் விட்டு, பாடிக்கொண்டு போல்டைத் துழாவிக்கொண்டிருந்தான். விசிறிக்கு ஓட்டம் கொடுக்கும் லீவர் லேசாகத் தட்டினாலே விழுந்துவிடுவது. கத்தினால் திடுக்கிட்டு எதையாவது இடித்துவிடுவான். அவள் சத்தம் போடாமல் ஏறி வண்டியை அணைத்தாள். சாவியை உருவிப் பல்லில் கடித்தாள்.

கஸ்தோன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓடிக்கிட்டா இருந்துச்சு? நான் அணைச்சேனே."

அவன் முகத்தில் இருந்த குழப்பத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

அவன் பழைய போல்டை ஸ்பானரால் கழற்றி எடுத்தான். "கெட்டி போல்டு. எந்த மடையன் இதைப் போட்டான்?" என்று மூலையில் விட்டெறிந்தான். சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்தான். "இந்தா, இதுதான் சரியானது."

அதன் தலையிலும் அதே கோடுகள் இருந்தன.

நான் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கணம் ஒதெத்துக்கு வந்தது சந்தோசம்தான், வேறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. டப்பா, மூடி, குச்சி, எல்லாம். வந்த சந்தோசத்தை நினைத்தே அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

கஸ்தோன் கையிலிருந்த போல்டைப் பார்த்தான், மூலையில் கிடந்ததைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான். அத்தனை வருசத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

"ஒதெத்," என்றான், "அந்தப் போல்டைப் போட்டது நீதானே?"

சாவி அவள் பல்லில் இருந்தது. பேச முடியாது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அதானே பாத்தேன்," என்று சிரித்தான் கஸ்தோன். "உனக்கு இப்பல்லாம் ரொம்ப மறந்து போகுதுடி."

அவள் மறுபடியும் தலையாட்டினாள். அவன் கையிலிருந்த போல்டை மெதுவாக வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, அவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். காப்பி போட்டு அவன் முன்னால் வைக்கும்வரை அவள் சாவியைப் பல்லிலிருந்து எடுக்கவில்லை.