தூண் குழியில் ஒரு சிலுவை

நாஸிப்ரோலா அடுக்களையில் கத்தரிக்காய்க்கு அக்ரூட் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் பிடியைச் சுற்றுவது அவள். நைஸாக இல்லை என்று சொல்வது மருமகள் ஸியூரி.

திபிலிஸியின் திகோமிப் பேட்டை அடுக்குமாடியில் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தால் ஒரு வீட்டுக்காரர் மட்டும் கட்டிவிட முடியாது. கீழிருந்து மேல்வரை எல்லா மாடிக்காரர்களும் சேர்ந்து தூண் எழுப்ப வேண்டும். கீழ்வீட்டுக் குராமைச் சம்மதிக்க வைக்கவே ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் நாஸிப்ரோலா கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் படுத்தாள். மகன் பார்க்கும் கால்பந்தாட்டம் முடிந்தால்தான் அவளுக்குத் தூக்கம். அவளுக்கான அறைக்கு இன்றுதான் கீழே தூண் குழி வெட்டுகிறார்கள்.

சரித்திர டீச்சராக ஓய்வு பெற்றவள். ஓய்வு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். உருளைக்கிழங்கு மூட்டையோடு படியேறுகிறவரையும் நிறுத்தி, இது ராஜாக்களின் கோடை மாளிகை இருந்த மண், முதல் கிறிஸ்தவர்கள் முழந்தாளிட்ட மண் என்று பாடம் எடுப்பாள். மூட்டையை இறக்கி வைக்கச் சொல்ல மட்டும் அவளுக்குத் தோன்றாது.

குராம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அதுவே விபரீதம்.

"நாஸி அக்கா, தூண் குழியில ஒரு கல்லு. சிலுவை செதுக்கியிருக்கு."

"கல்லுன்னா எடுத்து ஓரமாப் போடு."

"எங்க எடுக்கறது? மேஸ்திரி மம்பட்டியப் போட்டுட்டு சிலுவை போட்டுக்கறான். மூணாவது மாடி எவ்கேனியா மெழுகுவத்தி ஏத்திட்டா. நானே முத்தம் குடுத்துட்டேன்க்கா."

குராம் கடைசியாகக் கோயிலுக்குப் போனது, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன வயதில்.

"அது பழைய மாட்டுத் தொழுவத்துக் கல்லுடா."

"தொழுவத்துல சிலுவை எதுக்கு?"

"மாடு ஏதாவது வேண்டிக்கிட்டிருக்கும்" என்றாள் ஸியூரி.

"நீதானேக்கா சொன்னே, நம்ம காலுக்கடியில மொதல் கிறிஸ்தவங்க முழந்தாளிட்ட எடம்னு. இருபது வருஷமா நம்பல. இன்னிக்கு நம்பித் தொலைச்சிட்டேன்."

கீழே கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது.

"அவன் இன்னும் பத்து நிமிஷம்தான் நிப்பான். போனா மறுபடி எப்ப வருவானோ. டீச்சர் சொன்னாத்தான் கொட்டுவோம்ங்கறாங்க எல்லாரும்." குராம் மூலையிலிருந்த மாதா படத்தை எடுத்து, அரைத்த விழுதுக்குப் பக்கத்தில் வைத்தான். "அது வெறும் கல்லுதான்னு இது மேல கை வச்சுச் சொல்லிடு. போயிக் கொட்டிடறேன்."

"சொல்லிடுங்க அத்தை" என்றாள் ஸியூரி. "ரூம் வேணுமா, வேணாமா?"

நாஸிப்ரோலா சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். விரல் இடுக்குகளைத் தனித்தனியாகத் துடைத்தாள். படத்தைப் பார்க்கவில்லை.

"டீச்சர்!" என்றான் குராம். 'அக்கா' என்று கூப்பிடுவது போய்விட்டது.

மெஷினை ஸியூரியின் பக்கம் தள்ளிவிட்டு, நாஸிப்ரோலா எழுந்து கூடத்துக்கு, தன் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள்.