யோசப்பின் ஏன் நிறுத்தினாள்

செய்தி தொலைபேசியில் வந்தது. காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் வழக்கமான தாழ்ந்த குரலில், யோசப்பின் நேற்று மாலை இறந்துவிட்டாள், இதயம் நின்றுவிட்டதாம் என்றார். நான் உடனே, பரவாயில்லை, அவளுடைய அறைகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யாராவது வேலைக்கு வராவிட்டால் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம், தானாக வாயில் வந்துவிட்டது. அவர், இன்று நீங்கள் வீட்டிலேயே நில்லுங்கள் என்றார். நான் கேட்கவில்லை. போனேன், அவளுடைய அறைகளையும் பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அன்று முழுவதும் வேலை செய்தேன்.

இங்கே டென்மார்க்கில், ஒடென்சேயில் அவளைத் தெரிந்த தமிழர் பலர் இருக்கிறீர்கள். எங்கள் கோயில் தேருக்கு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்து, சேலை நழுவ நழுவச் சிரித்துக்கொண்டு நின்ற கொங்கோ நாட்டுப் பெண் என்றால் மற்றவர்களுக்கும் ஞாபகம் வரும். இப்படியான நினைவுக் குறிப்புகளில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். என்னால் முடியாது. என்னை அக்கா என்று கூப்பிட்டவள், எனக்கு அவள்தான். நாங்கள் பேசியது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத டெனிஷில். எங்கள் டெனிஷைக் கேட்ட வெள்ளைக்காரர் பாவம். அவள் சொன்னவற்றை இங்கே எங்கள் தமிழில் போடுகிறேன், அவள் கோபிக்க மாட்டாள்.

அவளுக்கு நீமா என்று ஒரே மகள். தகப்பன் அகதி முகாமில் இருந்த காலத்திலேயே விட்டுப்போய்விட்டான். எங்கள் இல்லத்தில் யோசப்பினுக்கு மாலை நேர வேலை. பிள்ளையைத் தன் சேர்ச் பெண்களின் வீடுகளில் விட்டுவிட்டு வருவாள். நீமாவுக்கு ஆறு வயதில், வகுப்பில் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மூன்று வீடு இருக்கிறது, நித்திரை வந்த வீட்டில் படுப்பேன் என்று பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் என்றால், மாமி வீட்டில் படுத்த பிள்ளைதானே என்று பேசாமல் இருந்திருப்பார்கள். ஆசிரியை கவலைப்பட்டு கொமூனுக்கு, அதாவது நகரசபைக்கு, அறிவித்துவிட்டார். அறிவிப்பது அவருடைய கடமை என்றார்கள். கடமைதான், அதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் கூட்டத்துக்குத் துணைக்கு ஆள் கூட்டிவரலாம் என்றிருந்தார்கள். என்னையும் கேட்டாள். போய்ப் பார்த்தால், சேர்ச் பெண்கள் எல்லோரும் தலையில் நிறநிறமான துணிகளைக் கட்டிக்கொண்டு, பொரித்த பணியாரப் பெட்டிகளோடு வந்து நிற்கிறார்கள். தன் பிள்ளையை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டினால் கொமூனின் மனம் குளிர்ந்துவிடும் என்பது அவளுடைய எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான். நாற்காலி போதவில்லை. அதிகாரி இளம் பெண், நல்லவர், மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். இந்தப் பிள்ளைக்கு மிக நெருக்கமான பெரியவர் யார் என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். யோசப்பின் அவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிள்ளைக்கு நிலையாக ஒருவர் இல்லை என்ற முடிவு அந்த அறையில் அன்றைக்கே விழுந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். பணியாரத்தை யாரும் தொடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்களே சாப்பிட்டோம்.

சில மாதங்களில் நீமாவை நகரத்துக்கு வெளியே ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் விட்டார்கள். அந்த நேரம் எங்கள் ஆட்கள் பேசியதையும் எழுதத்தான் வேண்டும். சும்மா எடுப்பார்களா, கறுப்புச் சனத்துக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று கோயிலில் காய் வெட்டிக்கொண்டே ஒரு அம்மா சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்காயைப் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டேன். நாங்கள் என்ன பால் நிறமோ? கொமூன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் மட்டும் நிறத்துவேசம் என்று கத்துவோம்.

யோசப்பினின் சேர்ச்சில் இப்படிப் பிள்ளையைக் கொமூனிடம் கொடுத்துவிட்டு இருந்த தாய்மார் இன்னும் இருந்தார்கள். எல்லோரும் ஆப்பிரிக்கப் பெண்கள். "ஞாயிற்றுக்கிழமையில பிள்ளையளின்ர பேரைச் சொல்லிச் செபிக்கிறம் அக்கா, கன நேரம் எடுக்குது" என்றாள் ஒருநாள். நிறம்தான் காரணமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. என் மகனிடம் கேட்டால் அவன் டெனிஷில், பிள்ளையின் பக்கத்திலிருந்தும் பார் அம்மா என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எடுத்திருக்க வேண்டிய ஒரு பிள்ளையைக் கொமூன் எடுக்காமல் விட்ட வீட்டையும் எனக்குத் தெரியும். அது யோசப்பின் வீடு இல்லை.

பிள்ளையைப் பார்க்கும் நாட்களில் மேற்பார்வைக்கு ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். பயணம் போகும் பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்பது யோசப்பினின் வீட்டு வழக்கம். எங்களுக்கும் அப்படித்தானே. நேரம் முடிந்ததும் சிரித்து, பிள்ளையின் முதுகில் தட்டிவிட்டு, விறுவிறென்று போய்விடுவாள். தாயிடம் உணர்ச்சியைக் காணவில்லை என்றார்கள். காட்டலாம், அதில் தப்பில்லை என்று அன்பாகவே சொல்லியும் கொடுத்தார்கள். அடுத்த முறை அழுதாள். தொடங்கியதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையும் அழுதது. தாய் தன் துயரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார் என்று சொல்லிச் சந்திப்புகளைக் குறைத்தார்கள்.

அன்று உடுப்பு மாற்றும் அறையில், "எவ்வளவு அழவேணும் எண்டு சொன்னால் அளந்து அழுவன் அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அங்கிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்து அழுதோம்.

எனக்கு விளங்காதது இன்னொன்றும் உண்டு. எங்கள் முதியோர் இல்லமும் அதே கொமூனுடையது. அவளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்கள்தான். அங்கே அவள் சாப்பாடு ஊட்டிவிடும் ஒரு மூதாட்டியின் மகன் ஒருநாள் பூங்கொத்தோடு வந்து, என் அம்மாவுக்கு நீங்கள் மகள் மாதிரி என்று கண்கலங்கச் சொன்னார். யோசப்பின் நன்றி சொல்லிப் பூவைத் தண்ணீரில் வைத்தாள். அவர் போன பிறகு, "தங்கட தாய்மாருக்குச் சாப்பாடு தீத்த என்னை நம்புகினம்" என்றாள். "என்ர பிள்ளைக்குத் தீத்தத்தான் நம்புகினமில்லை." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளக்கம் கேட்கிறவளாக என்னைப் பார்த்தாள். நான் படுக்கை விரிப்பை மடிக்கப் போய்விட்டேன்.

வருடங்கள் போயின. நீமா தாயின் மொழியை மறந்தாள். தாயின் டெனிஷைத் திருத்தவும் தொடங்கினாள். யோசப்பின் அதையும் பெருமையாக வந்து சொன்னாள், மகள்தான் இப்போது தனக்கு ரீச்சர் என்று. வளர்ப்புத் தாய் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்கு யோசப்பினைக் கூப்பிடுவார். நீமாவின் தலையைப் பின்ன யோசப்பினிடமே கேட்டுப் பழகினார், முதல் பின்னல் கோணலாக இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் நான்தான் திண்டாடினேன்.

மகளைத் திரும்பத் தரச்சொல்லி யோசப்பின் விடாமல் விண்ணப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளையைக் கூப்பிட்டு, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்பார்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கத்தான் வேண்டும், அதையும் நான் மறுக்கவில்லை. நீமாவுக்குப் பதின்மூன்று வயதில் அப்படிக் கேட்ட பிறகு, அவள் சாப்பிடாமல், பள்ளிக்கூடம் போகாமல் படுத்துவிட்டாள். யாருக்கும் பதில் சொல்லவும் இல்லை. வளர்ப்புத் தாய் பயந்துபோய் யோசப்பினுக்கே தொலைபேசியில் சொன்னார்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு யோசப்பின் என்னை மட்டும் கூட்டிப் போனாள். பிள்ளையிடம் இனியும் அந்தக் கேள்வியைக் கேட்பீர்களா என்று கேட்டாள். விண்ணப்பம் இருக்கும்வரை கேட்கத்தான் வேண்டும் என்றார்கள். அப்படியானால் விண்ணப்பம் வேண்டாம், இனிப் போடவும் மாட்டேன் என்றாள். நான் மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, தாய் சம்மதித்துவிட்டார் என்று ஆகிவிட்டது. அவள் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் என்றால் விட்டிருக்கவே மாட்டேன் என்று அன்று நினைத்தேன். விடாமல் இழுத்திருந்தால் அது யாருக்காக என்று பிறகு நினைத்தேன். இரண்டு நினைப்பும் இன்னும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தபடிதான் இருக்கின்றன.

அடக்கத்தன்று நீமா வந்தாள். பதினேழு வயது, தாயைவிட உயரம். வளர்ப்புத் தாய் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். சேர்ச் பெண்கள் பாடினார்கள். நீமாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர்கள் மாறி மாறி அவளைக் கட்டிப்பிடித்தார்கள், அவள் எல்லோருக்கும் டெனிஷில் நன்றி சொன்னாள்.

பிறகு மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது என்னைத் தேடி வந்தாள். அம்மாவோடு கூட்டத்துக்குப் போனவர் நீங்கள்தானா என்று கேட்டாள். நான்தான் என்றேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா ஏன் நிப்பாட்டினவ? நான் வேண்டாமெண்டோ?"

அவளும் அதை டெனிஷில்தான் கேட்டாள். எனக்கு மட்டும் தமிழில் கேட்டது.

விண்ணப்பம் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கூட்டம் முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது யோசப்பின் என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீமாவிடம் சொன்னேன். உன் அம்மா சொன்னது இதுதான்: "பிள்ளையை நான் விடேல்லை அக்கா. அவளிட்டக் கேக்கிற கேள்வியைத்தான் நிப்பாட்டினனான். அம்மா வேண்டாமெண்டு ஒருக்கால் சொல்லிப்போட்டாளெண்டால், காலம் முழுக்க அந்தச் சொல்லோட இருக்கப்போறது அவள்தானே."

நீமா கோப்பையை மேசையில் வைத்தாள். இன்னொருமுறை சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். என் உடைந்த டெனிஷை அன்று அவள் திருத்தவில்லை.

யோசப்பினிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். யார் சரி, யார் பிழை என்பது இன்னும் பிடிபடவில்லை, இனிப் பிடிபடும் என்ற நம்பிக்கையும் இல்லை. அந்த அறைகளில் அவளுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது. வாற சனிக்கிழமை நீமா என் வீட்டுக்கு வருகிறாள். அம்மா தன்னைத் தரச்சொல்லிக் கேட்ட ஒவ்வொரு தடவையையும், ஒன்றுவிடாமல், முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம்.